செந்தாமரையின் முகம்

சதீஷ்குமார் நீட்டிய அழைப்பிதழின் அட்டையில் மெய்யம்மையின் பழைய தோழி அழகு சிரித்துக்கொண்டிருந்தாள். சாயம் பூசிய தலை, தங்க விளிம்புக் கண்ணாடி, அரக்கு நிறப் பட்டு. படத்துக்குக் கீழே, ‘மலேசியத் தமிழர் வீடுதோறும் ஒலித்த குரல், அந்நாட்டு வானொலியில் நாடகம் தயாரித்து நடித்த முதல் தமிழ்ப் பெண், கலைச்செல்வி செந்தாமரை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

மெய்யம்மை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

“நம்ம திருப்பத்தூர்ப் பக்கத்துப் பொறப்பு ஆச்சி,” என்றான் சதீஷ்குமார். காரைக்குடியில் ஒரு கலை மன்றத்துக்குச் செயலாளர் அவன். “அங்குட்டுப் போயி இம்புட்டுப் பேரு வாங்கியிருக்காக, இங்குட்டு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியல பாருங்க. ஞாயித்துக்கெழமை சாயந்தரம் விழா. நீங்களும் செட்டியாரும் அத்தனை வருசம் கோலாலம்பூர்லதான இருந்தீக? இவுக குரலைக் கேட்டிருப்பீகளே?”

“கேட்டிருக்கேன்,” என்றாள் மெய்யம்மை.

கூடத்தின் மறுபக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் வயிரவன் பக்கத்தைத் திருப்பவே இல்லை. சதீஷ்குமார் காபி குடித்துவிட்டுப் போன பிறகுதான் பேப்பரைத் தாழ்த்தினார்.

“அன்னைக்கு எனக்கு முட்டி வலி இருக்கும் போலிருக்கு. நீயும் போக வேணாம். கூட்டத்துல போயி என்னத்துக்கு?”

ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் முட்டி வலி புதன்கிழமையே தெரிந்துவிட்டது அவருக்கு. மெய்யம்மை காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். செந்தாமரை என்ற பெயரில் இருபது வருஷத்துக்கு மேல் பேசியதும், அழுததும், சிரித்ததும், பிரசவ வலியில் கத்தியதும் மெய்யம்மைதான். அட்டையில் இருக்கிற அழகு இல்லை.

கல்யாணமாகிக் கோலாலம்பூர் போனபோது மெய்யம்மைக்குப் பத்தொன்பது வயது. வயிரவன் ரப்பர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்த்தார். மாமனார் பெரியகருப்பன் செட்டியார் பினாங்கில் கடை வைத்திருந்தார். குடியிருந்த மாடிக்குக் கீழ் வீட்டில் அழகு. அவளுக்கு வானொலி நாடகத்தில் சின்னச் சின்ன வேஷம் கிடைத்துக்கொண்டிருந்தது. ‘யாரது?’, ‘ஐயோ!’, ‘தண்ணி கொண்டு வரவா?’ இவ்வளவுதான் வசனம். ஒருநாள் துணைக்கு வாருங்கள் ஆச்சி என்று அழகு கூப்பிட, மெய்யம்மை நிலையத்துக்குப் போனாள். அன்றைக்கு ஊரெல்லாம் வெள்ளம். கதாநாயகி வந்து சேரவில்லை. தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “உங்களுக்குப் படிக்கத் தெரியுமாம்மா?” என்று தாளைக் கொடுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மெய்யம்மை படித்தாள். அவள் படித்து முடித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. வயிரவன் பினாங்குக்குப் போய்த் தன் அப்பாவைக் கேட்டுவிட்டு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்: “அப்பச்சி கொதிச்சுப் போயிட்டாக. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி, குரல் மட்டும் போகட்டும், முகமும் பேரும் வெளிய போகக்கூடாதுன்னு சம்மதம் வாங்கிட்டு வந்தேன்.”

குரலுக்காவது வழி விட்டாரே என்று புருஷனுக்கு நன்றி சொல்லி அழுதவள் மெய்யம்மை. தயாரிப்பாளர் செந்தாமரை என்று பெயர் வைத்தார்.

பிறகு அவளே எழுதி, தயாரித்து, நடித்த ‘ஏழாம் நம்பர் லயம்’ வெள்ளிக்கிழமை தோறும் வரும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பவுனு என்கிற பெண்ணின் கதை. அந்த நேரத்தில் லயங்களில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், அடுப்பை அணைத்துவிட்டு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பவுனுக்குப் பிள்ளை பிறந்த வாரம் நிலையத்துக்கு யாரோ ஒரு பாட்டி கம்பளிச் சட்டை பின்னி அனுப்பியிருந்தாள். மெய்யம்மை அதைத் தன் பிள்ளைக்குப் போட்டாள்.

நேயர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். கிள்ளான் நகரில் நேயர் மன்றம் எடுத்த பெரிய விழாவுக்கு மெய்யம்மை போகவில்லை. போக முடியாது. கூட்டம் விடாமல் கத்தியதாகவும், அந்தப் பழைய தயாரிப்பாளர் வேறு வழியில்லாமல் அழகை மேடையில் ஏற்றி, ‘தொண்டை சரியில்லை’ என்று சொல்லிக் கும்பிட மட்டும் வைத்ததாகவும் வயிரவன் வந்து சொன்னார். மறுநாள் அழகு மாடியேறி வந்து காலைப் பிடித்துக்கொண்டாள். “விடு அழகு, நாமதான. நான் குரல், நீ முகம்,” என்று மெய்யம்மை சிரித்தாள். அப்புறம் அதுவே பழகிவிட்டது. தொலைக்காட்சி நாடகம் வந்தபோது அழகு நடித்தாள், மெய்யம்மை பின்னால் குரல் கொடுத்தாள். கடையை விட்டு ஊருக்கு வந்துவிட்ட மாமனார் படுக்கையில் விழவே, வயிரவனும் அவளும் காரைக்குடிக்குத் திரும்பிய அன்று விமான நிலையத்தில் அழகு தேம்பித் தேம்பி அழுதாள். “என்னைக்காச்சும் ஒரு மேடையில நானே சொல்லிருவேன் ஆச்சி, இந்தப் பேரு என்னது இல்லைன்னு.”

அழைப்பிதழ் வந்த மறுநாள், குன்றக்குடிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மெய்யம்மை பஸ் ஏறினாள். குன்றக்குடி நிறுத்தத்தில் இறங்கவில்லை. மலையைப் பார்த்துப் பஸ்ஸுக்குள் இருந்தபடியே கும்பிட்டுவிட்டு, திருப்பத்தூருக்கு டிக்கெட் நீட்டிக்கொண்டாள். அழகு அங்கே அண்ணன் மகன் வீட்டில் தங்கியிருந்தாள்.

“ஆச்சி!” என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள் அழகு. உடம்பு இளைத்திருந்தது. அண்ணன் மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். மெய்யம்மை நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

“இது என்ன அழகு?”

அழகு முந்தானையைப் பிடித்து முறுக்கினாள். “நானாக் கேக்கலை ஆச்சி. அவுகளாத் தேடி வந்து போட்டாக.”

“தயாரிச்சதும் நீதான்னு போட்டிருக்கு. எழுதினதும் நீதான்னு உள்ள போட்டிருக்கு. வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னியா?”

“சொல்லலை.”

“விமான நிலையத்துல என்ன சொன்னே?”

“ஞாபகம் இருக்கு.” அழகு எதிரே தரையில் உட்கார்ந்தாள். திடீரென்று அவள் குரல் உயர்ந்தது. அது ஒரு கீச்சுக் குரல். சின்ன வயதிலும் அப்படித்தான். “என்னைக் கேக்க வந்துட்டீக. எனக்கு என்ன மிஞ்சிச்சுன்னு கேட்டீகளா? மார்க்கெட்ல போயி மீன் என்ன வெலைன்னு வாயைத் தொறந்து கேக்க முடியாது ஆச்சி. தொறந்தா, செந்தாமரையா இப்படிப் பேசுதுன்னு சிரிப்பாக. விரலை நீட்டி நீட்டியே சாமான் வாங்கினேன். என்னைக் கட்டினவரு யாரைக் கட்டினாரு? ரேடியோவுல பவுனு பேசுனதைக் கேட்டுட்டு வந்து கட்டினாரு. விசயம் தெரிஞ்சப்புறம் எங்கூட முகம் குடுத்துப் பேசுனதே இல்லை. வெள்ளிக்கெழமை ஆனா ரேடியோ முன்னாடி உக்காந்துருவாரு. நான் அடுப்படியில இருப்பேன்.”

மெய்யம்மைக்கு இது தெரியாது. அந்த மனிதர் அழகை விட்டுப் போனது தெரியும், காரணத்தை அழகு சொன்னதில்லை. மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் வந்த கோபம் போகவில்லை.

“அதுக்கு நான் என்ன செய்ய? நானா உன்னை மேடையில ஏறச் சொன்னேன்? தயாரிப்பாளர் ஏத்துனாரு, நீ ஏறிட்டே.”

அழகு நிமிர்ந்து பார்த்தாள். “தயாரிப்பாளரா? யாரு சொன்னா?”

“அவுகதான்.”

“உங்க வீட்டுக்காரரா?”

“ஆமா.”

அழகு வாயில் வந்ததை விழுங்குவது தெரிந்தது. மெய்யம்மை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “என்ன? சொல்லு.”

“இம்புட்டு நாளும் உங்களுக்குத் தெரியும்னுல்ல ஆச்சி நெனச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றாள் அழகு. “என்னை மேடையில ஏத்துனது உங்க செட்டியார்தான். விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி என் வீட்டுக்கு வந்து புடவை வாங்கிக் குடுத்தாரு. என் சம்சாரத்துக்குக் கூட்டம்னா பயம், அவ வரமாட்டேங்கிறா, நீ போயி நின்னு கும்பிட்டுட்டு எறங்கிரு, இதை அவகிட்டப் பேசி அவ மனசை நோகடிக்காதேன்னாரு. தயாரிப்பாளர்கிட்டயும் அப்படித்தான் சொல்லிவச்சிருந்தாரு.”

“எனக்கா பயம்? மாமா வேணாம்னாக, அதனால...”

“உங்க மாமனாரா வேணாம்னாக?” அழகின் கண் விரிந்தது. “அவுக அன்னைக்குக் கிள்ளானுக்கு வந்திருந்தாக ஆச்சி! பினாங்குலருந்து ரயிலேறி வந்து, முன்வரிசையில உக்காந்திருந்தாக. நான் எறங்கி வந்ததும் மேடைக்குப் பின்னால தேடி வந்தாக. கையில மல்லிகைப் பந்து. எம் மருமக எங்க ஆத்தா, அவளுக்குன்னு வாங்கியாந்தேன்னாக. நான் என்ன சொல்ல? செட்டியார் சொல்லிக்குடுத்ததைத்தான் சொன்னேன். அவுகளுக்கு வர இஷ்டமில்லை, யாரையும் பாக்க இஷ்டமில்லைன்னேன். பெரியவுக பூவை என் கையில குடுத்துட்டுப் போயிட்டாக.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மெய்யம்மை தண்ணீர் கேட்டாள். அழகு கொண்டு வந்து கொடுத்ததைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

“ஞாயித்துக்கெழமை நான் சொல்லிருவேன் ஆச்சி. சத்தியமாச் சொல்லிருவேன்,” என்று அழகு வாசல் வரை பின்னாலேயே வந்தாள். மெய்யம்மை திரும்பிப் பார்க்கவில்லை. அழகு மேல் இப்போது கோபம் இல்லை, மனசில் வேறு எதற்கும் இடமில்லாமல் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. காரைக்குடி வீட்டில் மாமனார் படுக்கையில் கிடந்த வருஷங்கள். இடுப்பெலும்பு முறிந்தவர். குளிப்பாட்டியதும், சோறு பிசைந்து ஊட்டியதும், படுக்கைப்புண்ணுக்கு மருந்து போட்டதும் மெய்யம்மைதான். கடமையில் ஒரு குறை வைத்ததில்லை. ஆனால் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. என் முகத்தை மூடிய மனுஷன் என்று உள்ளே ஒரு கல் கிடந்தது.

ஒரு மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு அவர் கேட்டார்: “ஆத்தா, அந்த ரேடியோவுல பேசுவியே, பவுனு மாதிரி, ஒரு தடவை பேசிக் காட்டேன்.”

கேலி செய்கிறார் என்று நினைத்தாள். முகத்தில் அடித்தாற்போல, “அதெல்லாம் மறந்து போச்சு,” என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் அப்புறம் கேட்கவே இல்லை. அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், “என்னங்கம்மா, தலை சுத்துதா?” என்றாள். மெய்யம்மை இல்லையென்று தலையாட்டினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குப் போனாள். வயிரவன் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதை அணைத்தாள்.

“அழகைப் பாத்துட்டு வர்றேன். கிள்ளானுக்கு மாமா வந்திருந்தாகளா?”

அவர் ரிமோட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மழுப்புவார் என்று அவள் எதிர்பார்த்தாள். மழுப்பவில்லை.

“வந்தாக.”

“முதல்ல நீங்க பினாங்குக்குப் போயிக் கேட்டப்ப என்ன சொன்னாக?”

“பழசையெல்லாம் இப்ப...”

“என்ன சொன்னாக?”

“பேசட்டும்டான்னாக,” என்றார் வயிரவன். “நம்ம வீட்டுப் பொண்ணு குரல் நாடு பூரா கேக்கும்னா அது நமக்குத்தான பெருமைன்னாக. கடைக்குப் புது ரேடியோ வாங்கினாக. போதுமா?”

“அப்ப, முகம் வெளிய போகக்கூடாதுன்னது?”

“நான்தான்.” அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். “நீ என்னை ஒரு ஆம்பளையா நெனச்சுப் பாரு மெய்யம்மை. ஆபீசுல, கடையில, கோயில்ல, எங்க போனாலும் உன் குரல். என் பொண்டாட்டி பேசுறதை ஊரே கேக்குது, ஊரே அழுவுது. மொகத்தையும் குடுத்துட்டா எனக்குன்னு என்ன இருக்கும்? உன் மேல இருந்த பிரியத்துலதான் செஞ்சேன்.”

“மாமா பேரை ஏன் இழுத்தீக?”

“நான் வேணாம்னா நீ கேட்டிருப்பியா?”

“கேட்டிருக்க மாட்டேன்.”

“அதான்.”

சர்வ சாதாரணமாக வந்தது அந்தச் சொல். கடையில் பாக்கிச் சில்லறைக்குக் காரணம் சொல்வதுபோல. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்த மனிதர். அவர் காய்ச்சலில் கிடந்தால் கண் மூடாதவள். பிள்ளை அமெரிக்கா போன பிறகு, நமக்கு நாம்தான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள்.

“உங்க அப்பச்சி என் கையால எட்டு வருசம் கஞ்சி குடிச்சாக,” என்றாள். “நான் ஒருநாள் சிரிச்சு ஊட்டலை. அதைப் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீக? அவுக சாகுறதுக்குள்ளயாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

வயிரவன் தலை குனிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மெய்யம்மை தனியாகத்தான் விழாவுக்குப் போனாள். கல்யாண மண்டபம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பரதநாட்டிய உடையில் பிள்ளைகள் மேடையோரம் காத்திருந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் செந்தாமரையின் புகழ் பாடினார்கள். பெரும்பாலும் அழைப்பிதழில் இருந்ததையே திருப்பிச் சொன்னார்கள். கடைசியாக அழகை ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள்.

அழகு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எல்லாருக்கும் வணக்கம்,” என்றாள் அந்தக் கீச்சுக் குரலில். “நான் செந்தாமரை இல்லை. இந்தப் பேரு என்னது இல்லை. அந்தக் குரல் என்னது இல்லை. அது வேற ஒருத்தவுக.”

மண்டபம் ஒரு கணம் யோசித்தது. பிறகு படபடவென்று கைதட்டியது. சதீஷ்குமார் ஓடிவந்து இன்னொரு மைக்கை எடுத்தான். “பாத்தீகளா! இம்புட்டு சாதிச்சும் நான் இல்லை, எனக்குள்ள இருந்து பேசுனது வேற ஒருத்தர்னு சொல்றாக. இதுதாங்க அடக்கம்!” கைதட்டல் இன்னும் கூடியது. அழகு இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள். அவள் முகம் கீழே கூட்டத்துக்குள் மெய்யம்மையைத் தேடியது.

மெய்யம்மை எழுந்தாள். படியேறி மேடைக்குப் போனாள். மரியாதை செய்ய வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சதீஷ்குமார் ஒரு பொன்னாடையை அவள் கையில் திணித்தான். அதை மேஜையில் வைத்தாள்.

“மைக்கை இங்குட்டுக் குடு தம்பி.”

பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு மைக் முன்னால் நின்றாள். குரல் தடித்துப் போயிருந்தது, மூச்சு முன்போல நிற்கவில்லை. நடிக்க அவள் முயலவும் இல்லை.

“அழகு சொன்னது அடக்கம் இல்லை, நடந்தது. செந்தாமரைங்கிற பேருல எழுதினதும் பேசினதும் நான். என் பேரு மெய்யம்மை. பெரியகருப்பன் செட்டியார் மருமக. என்னைப் பேசட்டும்னு மொதமொதச் சொன்னவுக அவுகதான். அதை நான் அவுக இருந்தப்பத் தெரிஞ்சுக்காமப் போனேன்.”

கைதட்டல் இல்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர், “இந்த ஆச்சிக்கு உடம்புக்கு ஆகலையோ?” என்றது காதில் விழுந்தது. சதீஷ்குமார் கையைப் பிசைந்தான். பிறகு மைக்கை வாங்கி, “அடுத்ததாக நடனம்,” என்றான். பிள்ளைகள் சலங்கையோடு மேடையேறினார்கள். அழகும் மெய்யம்மையும் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கப் படி வழியாக இறங்கினார்கள். அழகு விசும்பினாள். “நான் சொன்னேன் ஆச்சி. சொல்லியும் அவுக மண்டையில ஏறலையே.”

“நீ சொன்னே. நான் கேட்டேன்,” என்றாள் மெய்யம்மை.

மறுநாள் பத்திரிகையில் அழகின் படம் மட்டும் வந்தது, கலைச்செல்வி செந்தாமரைக்குப் பாராட்டு என்று. மெய்யம்மை பேசியதை யாரோ செல்போனில் எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அதன் கீழே சிலர் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். விளம்பர ஆசை என்றார்கள். கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒருவர் மட்டும், ‘எங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பவுனு இவ்வளவு வயசாகிப் போனாளா என்று கேட்டார்கள்’ என்று எழுதியிருந்ததாக அழகு போனில் படித்துக் காட்டினாள்.

அந்த வாரமே மெய்யம்மை பக்கத்துக் கொத்தமங்கலத்தில் மாமனாரின் பூர்வீக வீட்டுக்குத் தனியாகக் குடி போனாள். பூட்டிக் கிடந்த பெரிய வீடு அது. முன்பக்கம் இரண்டு அறைகளை மட்டும் கூட்டித் துடைத்துக்கொண்டாள். பிள்ளை அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டு, இந்த வயசில் இது என்னம்மா என்றான். அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்ததும், அப்பாவுக்குச் சமையலுக்கு ஆள் பார்க்கிறேன் என்றான்.

ஒரு மாதம் கழித்து வயிரவன் வாடகைக் காரில் வந்து இறங்கினார். சட்டை கசங்கியிருந்தது. நேரம் மத்தியானம். அவள் இலை போட்டுப் பரிமாறினாள். பாதிச் சோற்றில் கையை நிறுத்தினார்.

“என்னை நாலு வார்த்தை திட்டிரு மெய்யம்மை. இப்படி ஒண்ணும் சொல்லாம இருக்காதே.”

“திட்டுறதுன்னா நம்ம ஆளா இருக்கணும்ங்க,” என்றாள். “ரசம் ஊத்தவா?”

அவர் வேண்டாம் என்றார். கை கழுவிவிட்டுச் சிறிது நேரம் முற்றத்தைப் பார்த்து நின்றார். தங்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கார் தெருவைத் தாண்டும் சத்தம் கேட்டது. மெய்யம்மை அவர் சாப்பிட்ட இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து, தனக்கு ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நல்ல பசி.